மடித்த விளிம்பில் இட்ட துளை

தார்ப்பாய் வணிகர் சங்கத்தின் தலைமை இருக்கையை இன்று முதல் அலங்கரிக்கும் தலைவியே, என் உடன்பிறந்த தமக்கையே! தொழிலில் தழைத்த மூத்தோரே! வீட்டுச் சாவியையும் கடைச் சாவியையும் ஒரே முடிச்சில் வைத்தாளும் தாய்மார்களே! மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்துவிட்ட தம்பிமார்களே! அனைவருக்கும் வணக்கம்.

துளைத்தல்! ஊசி துணியைத் துளைக்கிறது. குளிர் எலும்பைத் துளைக்கிறது. வீட்டுக்குத் தாமதமாய்ப் போனால், கேள்விகள் நம்மைத் துளைத்தெடுக்கின்றன. யாரது அங்கே பலமாய்க் கைதட்டுவது? அனுபவஸ்தர் போலும்!

நாங்கள் துளையிட்டுப் பிழைத்தவர்கள். விளிம்பை மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்து, அந்த மடிப்பின்மேல் துளையிட்டுக் கயிறு கோக்க உலோக வளையம் அடிப்பது எங்கள் கடை வழக்கம். கடை திறந்த புதிதில் ஒரு லாரி முதலாளி வந்தார். அவர் வேலை தந்தால் வாழ்வு. தராவிட்டால் கடைக்குப் பூட்டு.

"மடிக்கவெல்லாம் நேரமில்லம்மா. அப்படியே ஓட்டையப் போட்டுக் குடுங்க."

"மடிக்காம என் கையால ஒரு ஓட்டையும் விழாதுங்க," என்றார் அக்கா.

"ஓட்டை போட்டு விக்கிறதுக்கே இவ்ளோ பவுசா?"

எனக்கு நெஞ்சில் தைத்தது. வாய் திறந்தேன்.

"நீ சும்மா இருடா," என்றவர், மடிக்காத துண்டொன்றில் துளையிட்டுக் கயிறு கோத்து, கல்லா மேசையின் காலில் கட்டினார். "இழுங்க."

இழுத்தார். பர்ரென்று கிழிந்தது.

மடித்துத் தைத்து வளையம் அடித்த பாயைக் கட்டினார். "இப்ப இழுங்க."

முதலாளி இழுத்தார். கூட வந்த ஓட்டுநரும் சேர்ந்து இழுத்தார். மேசை வாசல்வரை நகர்ந்ததே ஒழிய, வளையம் நகர்ந்ததா? இல்லை! துளை பிளந்ததா? இல்லவே இல்லை!

மூச்சு வாங்க நின்ற முதலாளி கேட்டார்: "முதல்ல எத்தனை பாய் முடியும்?"

"முடிஞ்ச வரைக்கும் நாளைக்கு. மீதிக்குக் காத்திருக்கணும்."

"காத்திருக்கேன். ஏம்மா, நான் அப்படிப் பேசினது உங்களைக் குத்தலையா?"

"குத்துச்சுங்க. அதையும் மடிச்சு வச்சுக்கிட்டேன்."

அவையோரே! வியாபாரத்தில் குத்துப்படாதவர் எவர்? "பொம்பளை கடை எத்தனை நாளைக்கு?" என்று துளைத்த வாய்கள் எத்தனை! ஒற்றைத் துணியாய் நின்றிருந்தால் அக்கா கிழிந்திருப்பார். மடித்து நின்றார், குத்திய இடத்திலெல்லாம் வளையம் அடித்தார். அந்த வளையங்களில்தான் எங்கள் குடும்பமே கட்டுண்டு நிற்கிறது. இன்று இந்தச் சங்கமும் அங்கேதான் கயிறு கட்டுகிறது!

இன்னும் பேசுவேன். ஆனால் தலைவியின் பார்வை என் முதுகைத் துளைக்கிறது. "போதும், உட்காருடா" என்று அதற்குப் பொருள். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்களுக்கு என் வணக்கம்!