மாமன் மடி

குழந்தைக்குத் தலை பின்னுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை சார். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஜன்னல் கம்பியில் நைலான் கயிற்றைக் கட்டிவைத்துப் பழகினேன். கை வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீப்போடு போய் உட்கார்ந்தேன். யு.கே.ஜி. படிக்கிற என் மகள் சங்கமித்ரா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நீ வாணா நைனா. மாமா பின்னி வுடும்."

மாமா என்றால் எழிலன், என் மனைவி கார்குழலியின் தம்பி. எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தான். பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிற வேலை. நினைத்தால் போவான், நினைத்தால் வீட்டில் இருப்பான். எனக்கு அப்படியா? மணலி புதுநகர் தாண்டி, டேங்கர் லாரிகளைக் கழுவுகிற யார்டில் சூப்பர்வைசர். மகள் எழுவதற்கு முன் கிளம்புவேன், அவள் தூங்கிய பிறகு வருவேன். பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, மிஸ்ஸிடம் பேசுவது, காய்ச்சலுக்கு ஊசி போட அழைத்துப் போவது எல்லாம் அவன்தான்.

மகளுக்கு முதல் பல் விழுந்ததை அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு, ஊரார் பார்க்கிற மாதிரி நானும் பார்த்தேன். அவன் உள்ளங்கையில் பல் இருந்தது, அவள் பொக்கை வாயோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது சார். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

முதலில் முறையாகத்தான் முயன்றேன். சாயங்காலமே வீடு திரும்புகிற ஷிஃப்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டு, வீட்டில் பெண்கள் இல்லையா என்றார். நான் வீட்டில் இருக்க முடியாதென்றால் அவனும் இருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது.

யார்டில் ஆள் தேவைப்பட்டது. எழிலனைச் சேர்த்துவிட்டேன். அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் தை மாதத்தில் மித்ராவுக்குக் காது குத்து வைத்திருந்தோம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், கம்மலும் மாமன் சீர். தங்கத்தில் வாங்கிப் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை, அதனால் ஒப்புக்கொண்டான். தம்பிக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று குழலி அழுதேவிட்டாள்.

ஆனால் ஒன்று நடந்தது. எனக்காக ஒருநாளும் விழித்திருக்காத குழந்தை, அன்றிலிருந்து விழித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் இறங்கி வருவோம். அவள் ஓடி வருவாள். நான் முன்னால் நடப்பேன், குனிந்து கையை நீட்டுவேன். என்னைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போய்விடுவாள்.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. டேங்கருக்குள் இறங்குகிறவன்தான் மேலே யார் நிற்க வேண்டும் என்று சொல்வான். பெரும்பாலும் சொந்தக்காரனைத்தான் கேட்பான். உள்ளே இருப்பவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும், மறுமுனை மேலே நிற்பவன் கையில். உள்ளே விஷவாயு தங்காமல் காற்று ஊதுகிற ப்ளோயர் நிற்காமல் ஓட வேண்டும். கயிறு இழுபட்டால் தூக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் என்னைக் கேட்டான். "நீ மேல நின்னாக்கா எனக்கு இன்னா பயம் மாமு?"

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் குழலி போனிலிருந்து எனக்கு வீடியோ கால் வந்தது. மித்ரா. பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் டிபன் பாக்ஸ் ஜெயித்திருந்தாள்.

"மாமா போன எடுக்கல நைனா. மாமாகிட்ட குடு."

"மாமா வேலையா கீது கண்ணு. என்கிட்ட சொல்லு."

"மாமாக்குத்தான் காட்டணும்."

ப்ளோயர் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. ப்ளோயரை அணைத்தேன். கயிற்றை ஏணியில் கட்டிவிட்டு இறங்கி நிழலுக்குப் போனேன். எப்படி ஓடினாய், பக்கத்தில் யார் ஓடினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கீழே விழுந்த ஒரு பையனைப் போல நடித்துக் காட்டினாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசியதே இல்லை சார்.

கயிறு இழுபட்டது. பார்த்தேன். மறுபடியும் இழுபட்டது. அப்போதுதான் அவள் சிரித்தாள், நான் போன் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசி முடித்த பிறகும் அங்கேயேதான் நின்றேன். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவது தெரிந்ததும் ப்ளோயரைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

கம்பெனி ரிப்போர்ட்டில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். நீங்களும் என் வாக்குமூலம் என்று அதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். ப்ளோயரை அணைத்தது சத்தத்துக்காக. திரும்பப் போடாதது அதற்காக இல்லை. கயிறு அசைவது நின்றதை நான் கவனமாகத்தான் பார்த்தேன். நாளைக்கு என் மகள் பெரியவளாகி இதைப் படித்தால், தகப்பன் பொறுப்பில்லாதவன் என்று நினைக்கக் கூடாது.

காரியமெல்லாம் முடிந்து, தை மாதத்திலேயே காது குத்தினோம். எழிலன் போட்டோவை மடியில் வைத்துக் குத்தலாம் என்று குழலி சொன்னாள். போட்டோவுக்கு ஏது மடி? என் மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். கம்மல் மட்டும் அவன் வாங்கி வைத்திருந்தது. மாமா மாமா என்று ஒரே அழுகை. ஊசி குத்தினால் எந்தக் குழந்தைதான் அழாது?

விசாரணை முடிகிற வரை யார்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இப்போது நான்தான் தலை பின்னிவிடுகிறேன். கையால் மூடிக்கொள்வதெல்லாம் இல்லை. பேசாமல், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டாலும் பதில் சொல்வதில்லை. அவ்வளவு பழகிவிட்டாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள் சார். பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது. வாசலில் நான் நிற்காவிட்டால் குழந்தை தேடும்.