மயிரிழை தள்ளிய கோடு

என் தம்பி பல் தேய்க்கும்போதுகூடத் தாளம் போடுவான். அதை நான் ரசித்திருக்கிறேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கணினியில் இசை செய்பவன். பதினாறு வருடமாக அவன் கருவிகளையும் மேடை ஒலியையும் பார்த்துக்கொண்டவள் நான். ஒரு மணி நேரம் கேட்டால் காது மரத்துப்போய், சத்தம் போதவில்லை என்று தோன்றும். அதற்காக அவன் ஒரு விதி வைத்திருந்தான்: "காத நம்பாதக்கா, கோட்ட நம்பு." அவன் ஹெட்போனின் வால்யூம் குமிழை எதுவரை திருகலாம் என்று நான் சிவப்பு மையில் போட்ட கோடு அது.

என் மகள் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள். அவள் போன அன்று அவனுக்குத்தான் முதலில் போன் செய்து அழுதேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். என்ன பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரே பாட்டில் அவன் பெரிய ஆளானான். 'தங்கம், தங்கம்' என்று ஒரு பெண்குரல் அதில் துள்ளும். மேடை ஒத்திகையில் மற்ற ஒலிகளை அணைத்து அந்தக் குரலை மட்டும் கேட்டேன். மூச்சு அடைக்கும் இடம் எனக்குத் தெரிந்தது.

"இது நான்தானடா?"

"கண்டுபிடிச்சிட்டியா! பாம்புக் காதுக்கா உனக்கு. அன்னிக்கு போன்ல ரெக்கார்ட் பண்ணதுதான். வேகத்த ஏத்திட்டேன்ல, அழுகைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது." என் முகத்தைப் பார்த்தான். "கோவிச்சுக்காத. உன் பாப்பாவ ஊரே கொஞ்சுதுன்னு வச்சுக்கோ."

அப்படியே வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒருமுறை கருவிகளைத் துடைப்பேன். அப்போது பழைய கோட்டை ஸ்பிரிட்டால் அழித்து, சத்தம் கூடும் பக்கமாக மயிரிழை தள்ளிப் புதிதாகப் போடுவேன். ஒன்றரை வருடம். அவன் ஒருநாளும் கோட்டைத் தாண்டவில்லை. விதி என்றால் அவனுக்கு விதிதான்.

"காதுக்குள்ள விசில் அடிக்குதுக்கா."

"தூக்கம் பத்தலடா."

டாக்டரைப் பார்க்கவா என்றான். ஆல்பம் முடியட்டும் என்றேன்.

இப்போது வலது காது அடியோடு போய்விட்டது. இடதில் அந்த விசில் மட்டும் நிற்காமல் கேட்கிறதாம். நான்தான் அவனுக்குச் சமைக்கிறேன், சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுகிறேன். 'நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்' என்று நேற்று கேட்டான். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

கோட்டை நகர்த்தியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தாளை மட்டும் அவன் கண்ணில் காட்டாதீர்கள். எங்களுக்குள் இப்போதுதான் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது.