குழாயைத் திருப்பும் நேரம்

நடுநாயகமாக வீற்றிருந்து இந்த விழாவை நடத்திக்கொண்டிருக்கும் எங்கள் பிராந்தி வடிசாலைத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம், நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும், பீப்பாய் செய்யும் பெரியவர் அவர்களே! முன்வரிசையில், ஆண்டெல்லாம் வெயிலில் வெந்து திராட்சை வளர்த்துவிட்டு, இன்று ஒருநாள் மட்டும் தலைவாரி வந்திருக்கும் தோட்டக்காரப் பெருமக்களே! அவர்களுக்குப் பின்னே, புட்டி கழுவிக் கழுவி விரல் சுருங்கினாலும் உள்ளம் சுருங்காத என் தாய்மார்களே, தங்கைகளே! உள்ளே வந்து உட்காராமல் வாசற்படியிலேயே நிற்கும் என் கொழுந்தனே! கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரே! எல்லாம் வல்ல இறைவனை முதலில் வணங்கி, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

யாரையாவது விட்டுவிட்டேனா? கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் எனக்குச் சோறு இறங்காது. என்னது? ஒலிபெருக்கிக்காரரா? அவருக்கும் வணக்கம். ஐயா, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், என் குரல் எனக்கே பயமாக இருக்கிறது.

ஆண்டுதோறும் பழைய பீப்பாய் ஒன்றைத் திறக்கும் இந்த நாளில், பிராந்தி எப்படிப் பிறக்கிறது என்று காய்ச்சுகிறவர் எழுந்து பேசுவது இங்கே வழக்கம். இந்த ஆண்டு என் கொழுந்தனைக் கேட்டார்கள். “அண்ணன் இருக்கும்போது நான் எப்படிங்க பேசுறது?” என்றார். என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். “இப்ப நான் காய்ச்சறதில்லையே, எனக்கென்ன பேச்சு?” என்றார். பிறகு அண்ணனும் தம்பியும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“நல்லா இருக்கே கூத்து! ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல, நான் போய் என்னத்தப் பேசுறது?” என்றேன்.

“அதனாலதான் அண்ணி, நீங்கதான் நிதானமாப் பேசுவீங்க” என்றார் கொழுந்தன்.

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவள் நான். பொட்டலம் கட்டி வந்த தாளைப் பிரித்துப் படித்துப் படித்தே தமிழ் கற்றவள். பிரார்த்தனைப் புத்தகமும் வீட்டுக் கணக்கும்தான் என் இரண்டு கண்கள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் செம்புக் கொப்பரையின் மூச்சுக்காற்றைத்தான் சுவாசிக்கிறேன். குடித்தவர்க்கு மட்டுமா பிராந்தி தெரியும்? குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

சொல்கிறேன், கேளுங்கள். இனிப்பான திராட்சையிலிருந்தா பிராந்தி வருகிறது? இல்லை! கடித்தால் கண்ணை மூடவைக்கும் புளிப்புத் திராட்சையிலிருந்து வருகிறது. அதைப் பிழிந்து, புளிக்கவைத்து, மெலிந்த வெள்ளை ஒயினாக்கி, வெங்காயம்போல் வயிறு பருத்த செம்புக் கொப்பரையில் ஊற்றி, அடியில் அளவாகத் தீ வைக்கிறார்கள். ஆவி எழுகிறது. அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த குழாயில் ஏறுகிறது, குளிர்ந்த நீருக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் இறங்குகிறது, துளித்துளியாக வெளியே வருகிறது. முதல் முறை வடித்தது கலங்கலாக இருக்கும். அதையே மீண்டும் கொப்பரையில் ஊற்றி மீண்டும் வடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் போதாது, இருமுறை சுட வேண்டும். பொன்னுக்கு மட்டுமா புடம்? பிராந்திக்கும் புடம்தான்!

இந்த இரண்டாம் வடிப்பில்தான் இருக்கிறது உயிர். முதலில் சொட்டுவதைத் தலை என்பார்கள். மூக்கில் ஏறும் காரம் அது, நகப்பூச்சு வாடை. கடைசியில் சொட்டுவதை வால் என்பார்கள். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அது. இரண்டுக்கும் நடுவே வருவதுதான் நெஞ்சு. நெஞ்சு மட்டுமே பீப்பாய்க்குப் போகும். தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது? கருவி இருக்கிறது, கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஆனாலும் நம் வடிசாலையில் கடைசிச் சொல் ஒரே ஒரு மூக்குக்குத்தான். ஒருவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்வார். ‘திருப்பு’ என்பார். பக்கத்தில் நிற்பவர் குழாயை அடுத்த பாத்திரத்துக்குத் திருப்புவார். அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த மூக்கு யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? இந்தத் தெருவில் குழந்தைகூட அவரை ‘மூக்கண்ணன்’ என்றுதானே கூப்பிடுகிறது!

பிறகு பீப்பாய். தண்ணீர்போல் நிறமில்லாமல் உள்ளே போவது, தேன்போல் நிறத்தோடு வெளியே வருகிறது. நிறம் தந்தது எது? ஓக் மரம். மணம் தந்தது எது? மரமும் காலமும். ஆனால் தாய்மார்களே, கணக்கு எழுதும் உங்களுக்குத்தான் இது புரியும். பீப்பாயில் வைத்தது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை, மரத்தின் வழியே மெல்ல ஆவியாகிறது. ‘இது என்ன அநியாயம், யார் எடுத்துக்கொண்டு போகிறார்?’ என்று புதுப்பெண்ணாக நான் கேட்டபோது, என் வீட்டுக்காரர் விரலை மேலே காட்டினார். “அவர் பங்கு” என்றார். அன்றுமுதல் இந்தத் தொழில்மேல் எனக்கிருந்த கசப்பு போயிற்று. குறையக் குறைய மதிப்புக் கூடுகிற ஒரு சேமிப்பை வேறு எந்தக் கணக்கில் பார்த்திருக்கிறீர்கள்?

செயலாளர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இனிமேல்தான் நெஞ்சு வருகிறது.

சென்ற அறுவடைக்கு முந்திய அறுவடை. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்குப் போனார். உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், பழக்கத்தில் “திருப்பு” என்றார். குழாயடியில் நின்ற என் கொழுந்தன், “அண்ணே, இன்னும் காரம் அடிக்குதே?” என்றார். “நான் சொல்றேன்ல, திருப்புடா” என்றார் இவர். மறுபேச்சு கிடையாதே! தம்பி திருப்பினார். தலை போய் நெஞ்சில் கலந்தது.

மதியம் வீட்டுக்கு வந்தார். நான் பிரார்த்தனையில் இருந்தேன். அடுப்பில் பால் அடிபிடித்திருந்தது. அதை எடுத்துத் தானே காபி கலந்து குடித்துக்கொண்டிருக்கிறார்!

“என்னங்க, அடிபிடிச்ச வாடை குடலைப் புரட்டுது. இதையா குடிக்கிறீங்க?”

“எந்த வாடை?”

தெருமுனையிலேயே என் சமையலைச் சொல்லிவிடுகிற மனிதர் கேட்கிறார், எந்த வாடை! பாத்திரத்தை முகர்ந்தார். சட்டையை முகர்ந்தார். குளியலறைச் சோப்பை எடுத்து முகர்ந்தார். பிறகு மெதுவாக, “காலையில திருப்புன்னு சொல்லிட்டேனே” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கே போனார்? தலைவர் அவர்களே, உங்கள் அறைக்குத்தான் வந்தார். “இன்னிக்கு வடிச்சதைப் பீப்பாயில ஊத்தாதீங்க. என் மூக்கு போச்சு” என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால்? பழி குழாயடியில் நின்ற தம்பிமேல் விழுந்திருக்கும். அவர் சொன்னதால், வடித்தது மறுபடி கொப்பரைக்குப் போயிற்று. விறகைத் தவிர வேறு நஷ்டமில்லை.

நீங்கள் அன்று எவ்வளவு இதமாகப் பேசினீர்கள்! “கொஞ்ச நாள் ஓய்வா இருங்க மூக்கண்ணே. பார்த்துச் சொல்றோம்” என்றீர்கள். அந்த அன்புக்கு இந்த மேடையில் கைகூப்புகிறேன். ஆனால் அன்றுமுதல், வீட்டு வாசற்கதவு கிறீச்சிட்டால் போதும், அவர் எழுந்து சட்டையை மாட்டுகிறார். பால்காரர் வந்திருப்பார். சட்டையைக் கழற்றுகிறார். மறுபடி கிறீச். மறுபடி சட்டை.

வாசனை திரும்பி வருவது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு கோப்பையில் விரற்கடை ஊற்றி, முகர்ந்து, குடிக்காத எனக்கு அதன் மணத்தை வர்ணிப்பார். இப்போது கோப்பையை என்னிடம் நீட்டுகிறார். “என்ன சொல்லுது?” என்கிறார். “உலர்ந்த திராட்சை. பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. பின்னால கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்” என்கிறேன். “ஆமா, ஆமா, ஆரஞ்சுத் தோல்” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறார். நாக்கில் சூடு மட்டும்தான் தெரிகிறதாம். மீதி என் வாய்வார்த்தை.

பீப்பாய் அறைக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். தட்டிப் பார்த்து மட்டம் அறியவும், தடவிப் பார்த்துக் கசிவு அறியவும் மூக்கு எதற்கு? காதும் கையும் போதாதா? வீட்டில் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுகிறார், எண்ணெய் டின்னைத் தட்டுகிறார், ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த என் கொழுந்தன் தலையையும் தட்டி, “காலி” என்றார்! ஆனால் அந்த வேலையைக் கேட்க மாட்டேன் என்கிறார். “கேட்டா அவங்களுக்குச் சங்கடம்” என்கிறார்.

ஏங்க, எழுந்திருக்காதீங்க! உட்காருங்க. நான் இதைப் பேசப்போறேன்னு சொன்னா என்னை மேடை ஏற விட்டிருப்பீங்களா? தம்பி, வாசலை மறிச்சுக்கோங்க. அண்ணன் ஓடப் பார்க்கிறார்.

தலைவர் அவர்களே! உங்கள் மௌனம் கல்மனம் அல்ல, கருணை என்று எனக்குத் தெரியும். ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு நா எழவில்லை. ஆனால் இந்தத் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? அவசரப்பட்டால் காரம் கலக்கும். அளவு கடந்து காத்திருந்தால் நாற்றம் கலக்கும். நெஞ்சுகூட, திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பாவிட்டால் வாலாகிவிடும். இரக்கமும் அப்படித்தான் ஐயா! நீண்டுகொண்டே போகும் இரக்கம் புளிக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். தலையையும் வாலையும் நாம் தரையிலா கொட்டுகிறோம்? அடுத்த கொதிப்பில் சேர்த்துக்கொள்கிறோமே! துளியை வீணாக்காத வடிசாலை, ஆளை வீணாக்குமா?

சரி, கோப்பைகள் வந்துவிட்டன. எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். உள்ளங்கையில் ஏந்தி, உடம்புச் சூடு ஏறவிடுங்கள். மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காதீர்கள், மணமே மேலேறி வரும். மடக்கென்று விழுங்காமல் நாக்கில் நிற்கவிடுங்கள். காலியான கோப்பையையும் உடனே கழுவிவிடாதீர்கள் தங்கைகளே, நல்ல பிராந்தி போன பிறகும் கோப்பையில் மணந்துகொண்டிருக்கும். இன்று நீங்கள் முகர்வது, அவருக்கு மூக்கு இருந்த காலத்தில் ‘திருப்பு’ என்று சொன்ன நெஞ்சு. இந்த மண்டபத்தில் அந்த மணம் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், கடைசிவரை கடிகாரத்தை விடாத செயலாளருக்கும் நன்றி. இறைவன் உங்கள் அனைவரையும் காப்பாராக. வணக்கம்.

தலைவர் அவர்களே, பீப்பாய் அறை வேலை அவருக்கு உண்டா, இல்லையா? இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வோம். சீக்கிரம் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.