அக்கா, ராடு மாத்தறாங்க

காலை பத்து பத்து. இடிக்கிறது. தரை அதிர்கிறது. நான் கட்டிலுக்கடியில். நாக்கில் புழுதி.

இது திருச்செங்கோடு. எங்கள் வீடு. குண்டு விழும் நாட்டிலிருந்து நான் திரும்பி ஒன்பது நாள். மருத்துவம் படிக்கப் போன மகள் உயிரோடு வந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அப்பா தன் ரிக் லாரியைக் கொண்டுவந்து கொல்லையில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார். எங்கள் ஊரில் பாசத்தை இப்படியும் காட்டுவார்கள். அந்தச் சத்தம் என்னை என்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாறையில் ஹேமர். தடதடதட. சட்டென்று நின்றது. நின்றதுதான் பயங்கரம்.

அங்கேயும் குண்டுச் சத்தம் இப்படித்தான் நின்றது. நிலவறை. மாலை நாலு இருபது. பதினோரு நிமிடம் சத்தமில்லை. தண்ணீர் தீர்ந்திருந்தது. என் அறைத்தோழி ஷகிலா, சேலத்துக்காரி, கேனை எடுத்தாள்.

"போலாமாடி?"

"போ. அடங்கிருச்சு."

சொன்னது நான். அவள் படியேறி முடிக்கவில்லை.

"அக்கா!" என் தங்கை கவிதா. ஜன்னலில் நின்று கத்துகிறாள். "ராடு மாத்தறாங்க! அடுத்த கொழாய மாட்டிக் காத்து உடுவாங்க, டமார்னு கேக்கும்! காதப் பொத்திக்க!"

டமார். நடுங்கினேன். ஆனால் எதிர்பார்த்த சத்தம்.

"மூணாவது ராடு! ஹேமர் எறங்குது!"

நாலாவதுக்கு அவளும் கட்டிலுக்கடியில் நுழைந்துவிட்டாள். என் முதுகில் உள்ளங்கை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அவளுக்கு. பார்க்காமலே முன்கூட்டிச் சொன்னாள்.

"அப்பா தண்ணியத்தான் தேடறாரு சாமி. உன்னைய இல்ல."

சிரித்தேனா, தெரியவில்லை. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் அந்தக் கைக்கு அடங்கியது. அப்போதுதான் உறைத்தது. ஷகிலாவுக்கும் ஒரு தங்கை. நிலோபர். நிலவறையில் தினமும் அவளோடு போனில் பேசிய பிறகுதான் ஷகிலா தூங்குவாள். அந்த நிலோபர் எனக்கு ஒரே கேள்வியை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "அக்கா ஏன் மேல போனா?" பதினாலு முறை. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

பத்தொன்பதாவது ராடில் தண்ணீர் வந்தது. தெருவே கைதட்டியது. நான் குடிக்கவில்லை.

இழந்தவை. ஷகிலா. அதே படியில் இன்னும் இருவர், பெயர் தெரியாது. நாலு வருடப் படிப்பு. அமைதியை நம்புகிற மனசு. நிலோபரின் முதுகில் இருந்திருக்க வேண்டிய ஒரு கை.

நாளைக் காலை சேலம் பஸ். "நானும் வாரேன்" என்கிறாள் கவிதா. பதினைந்தாவது முறை நிலோபர் கேட்பதற்குள் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். போ என்றது நான்.