விரத நாள் நுரை

– …பன்னெண்டாவது, டயர் பஞ்சர் கடைக்குப் பின்னாடி துருவெர்க் அம்மா. அவ்வளவுதான், காப்பிக் கடைப் பட்டியல் முடிஞ்சுது. மதியம் டெலிகிராம் குழுவுல போட்டுடுவேன்.

– திருப்பிப் படிங்க அண்ணே.

– எதுக்கு? காது நல்லாத்தானே கேக்குது உனக்கு?

– நல்லாக் கேட்டதுனாலதான் சொல்றேன். மாடிப்படிக்கு அடியில குனிஞ்சுக்கிட்டு காப்பி போடுற மெசாய் இருக்கான். முடி வெட்டுற கடையில ஒரு மூலையைப் பிடிச்சு மெஷின் வெச்சிருக்கிறவன் இருக்கான். இந்தக் கன்டெய்னர் கடை எங்க? லெம்லெம்னு ஒருத்தி எங்க?

– அது வந்து… கேளு லெம்லெம். ஒரு பட்டியல்னா அதுக்கு ஒரு வரம்பு வேணும்ல?

– என்ன வரம்பு? கிளைக் கடை கூடாது, சொந்தக் கடையா இருக்கணும், ஆயாத் ரயில் கடைசி நிறுத்தத்துலேர்ந்து நடந்து போற தூரமா இருக்கணும். நீங்கதானே சொன்னீங்க? நான் எத்தனை கிளை வெச்சிருக்கேன்? ஒரு தகரப் பெட்டி, ஒரு மெஷின், நடுவுல நான். திரும்பி நிக்கவே இடம் இல்லை.

– கோவிச்சுக்காத. பட்டியல்ல என்ன இருக்கு? நாலு பேர் படிப்பான், மறந்துடுவான்.

– நாலு பேரா? உங்க அடுக்குமாடிக் குழுவுல எண்ணூறு குடும்பம் இருக்கு அண்ணே. ரவுண்டானாவுல அடுத்த மாசம் பெரிய போர்டு வெச்சு ஒருத்தன் திறக்கப் போறான். கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி, உள்ள பாட்டு. எண்ணூறுல ஒரு நாப்பது பேர் என் பேரைப் படிச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பினாப் போதும், நான் நிமிர்ந்துடுவேன். இல்லைன்னா இதைப் பூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டு சமையக்கட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். உங்களுக்கு இது விளையாட்டு.

– விளையாட்டுன்னு யார் சொன்னா?

– அப்போ சொல்லுங்க. கடைங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? உங்க பரீட்சையில நான் எங்க தோத்தேன்னு நானே பாத்துக்கிறேன்.

– அப்படிக் கேளு! சூட்சுமம் என்னன்னா, கடை வாசலைப் பாக்கக் கூடாது, குப்பைக் கூடையைப் பாக்கணும். தட்டிக் கொட்டின காப்பிச் சக்கை பிஸ்கட் மாதிரி வட்டமா, உடையாமக் கெடந்தா, அரைச்ச பதமும் சரி, அழுத்தின அழுத்தமும் சரி. கஞ்சி மாதிரி சொதசொதன்னு கெடந்தா, சொல்லாமக் கொள்ளாம அடுத்த தெருவுக்குப் போயிடணும்.

– இதோ என் கூடை. எட்டிப் பாருங்க.

– …பிஸ்கட்தான்.

– அடுத்தது?

– அடுத்தது காது. ஒவ்வொரு கோப்பைக்கும் அரைக்கிற சத்தம் தனித்தனியாக் கேக்கணும். விடிஞ்சதும் மொத்தமா அரைச்சு டப்பாவுல அடைச்சு வெச்சா, வாசனை நமக்கு முன்னாடியே கிளம்பி வீட்டுக்குப் போயிடும்.

– இப்பதானே உங்க காதுகிட்ட கர்ர்ருன்னு அரைச்சேன். அடுத்தது?

– ஆவிக்குழாய். முப்பது வருஷம் துணி ஆலையில கொதிகலன் பாத்தவன் நான். ஆவி விஷயத்துல என்கிட்ட யாரும் வாலாட்ட முடியாது. சும்மா இருக்கிற குழாய்க்குள்ள ஆவி குளிர்ந்து தண்ணியா நிக்கும். அதை ஒரு தடவை புஸ்ஸுன்னு வெளிய விட்டுட்டுத்தான் பால்ல முக்கணும். விடலைன்னா பாலோட பாதித் தண்ணியும் சேந்து நுரைக்கும். இந்தப் பேட்டையில பாதிப் பேர் விடறதில்லை.

– நான்?

– நீ ரெண்டு தடவை விடுவ.

– கொட்டை?

– யிர்காச்செஃபே ஊர்க் கொட்டை. கையால வறுக்குற. கறுத்துப் போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இறக்கிடுற. எலுமிச்சம்பூ வாசனை அப்படியே நிக்கும்.

– சக்கை பாஸ், சத்தம் பாஸ், ஆவி பாஸ், கொட்டை பாஸ். பேர் மட்டும் ஃபெயிலா?

– ஷெவாயெ வேண்டாம்னா.

– உங்க சம்சாரமா? அவங்க என் கடைப் பக்கம் வந்ததே இல்லையே!

– அதான்… வராமலே வேண்டாம்னா.

– பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காதும்பாங்க. உங்களுக்கு இந்த நுரைப்பால் மக்கியாட்டோ கிடைக்காது. இதோ, கோப்பையை எடுத்துட்டேன்.

– ஐயையோ, பாதிதானே குடிச்சிருக்கேன்! குடு தாயி, ஆறிடும்.

– ஆறட்டும். பட்டியல் போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? அதை மொதல்ல சொல்லுங்க.

– எனக்கு எங்க தோணுச்சு? ஒரு நாள் காலையில வீட்டுக்கு லேட்டாப் போனேன். ஷெவாயெ இடுப்புல கை வெச்சுக்கிட்டு எங்க போனீங்கன்னா. நல்ல காப்பிக் கடை தேடிப் போனேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். அவ அதை மகளிர் சங்கத்துல சொல்லிட்டா. அவதான் அங்க செயலாளர். மறுநாள் பாத்தா குழுவுல ஆளாளுக்கு, காசாஹுன், பட்டியல் எங்க, பட்டியல் எங்கன்னு கேக்குறாங்க. அதுக்கப்புறம் நிஜமாவே தேட வேண்டியதாப் போச்சு.

– தேடினது சரி. ஏன் புதனும் வெள்ளியும் மட்டும் தேடுறீங்க? மத்த நாள் இந்தப் பக்கம் உங்க நிழலையே காணோமே?

– அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மாட்டுப்பால் தாராள மனசுக்காரன், காப்பியோட குறையை எல்லாம் மூடி மறைச்சுடுவான். புதன், வெள்ளி விரதத்துல அவனைத் தொடக் கூடாது. அன்னிக்குத்தான் யார் காப்பி போடத் தெரிஞ்சவன்னு வெளிச்சமாத் தெரியும். மெசாய் மொதல் இடத்துக்கு வந்தது அதனாலதான்.

– அப்படி என்ன பண்ணிட்டான் மெசாய்?

– அவன் சூரியகாந்திப் பால் எடுக்கிறதைப் பாக்கணும் நீ. விதையை வேக வெச்சு, காய வெச்சு, இடிச்சு, ஊற வெச்சு, ரெண்டு துணியில வடிகட்டுறான். அதுல மக்கியாட்டோ போட்டா, இருபது எண்ணுற வரைக்கும் நுரை நிக்குது!

– இருபது என்ன பெரிய இருபது?

– என்ன இப்படிக் கேட்டுட்ட! மாட்டுப்பால்ல இருக்கிற புரதம் ஒவ்வொரு குமிழைச் சுத்தியும் தோல் மாதிரி போத்திக்கும். சூடு பட்டா அந்தத் தோல் இறுகிடும். அதனாலதான் கடைசிச் சொட்டு வரைக்கும் நுரை நின்னு, கோப்பை ஓரத்துல எல்லாம் அப்பிக்கும். விதைப் பால்ல எண்ணெய் ஜாஸ்தி. எண்ணெய் தொட்டா குமிழ் பட்டுன்னு உடையும். எட்டு எண்ணுறதுக்குள்ள தட்டையாயிடும். இருபது வரைக்கும் நிறுத்துனான்னா அவன் கைகாரன். இருபத்தொண்ணு நின்னா என் காதை அறுத்துக்கிறேன். என்ன லெம்லெம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?

– அண்ணே… தெரிஞ்சு போச்சா?

– என்ன தெரிஞ்சு போச்சா?

– அதனாலதான் பேரை எடுத்தீங்களா? நேரா கேட்டிருக்கலாமே. மரியம் மாதா மேல சத்தியமா வேணும்னு செய்யலை அண்ணே.

– நீ என்ன சொல்றேன்னே எனக்கு…

– நான் முடிச்சுடுறேன், நடுவுல பேசாதீங்க. ஈஸ்டர் முடிஞ்சு அம்பது நாள் புதன் வெள்ளி விரதம் கிடையாதுல்ல? அம்பது நாளும் இந்தக் கை வெள்ளை ஜாடிக்கே போய்ப் போய் பழகிடுச்சு. சிவப்புக் கயிறு கட்டின விரத ஜாடி மேல தட்டுல கவுந்து கெடந்துச்சு. அம்பது முடிஞ்ச மொதல் புதன்கிழமைதான் நீங்க மொதமொதல்ல என் கடைக்கு வந்தீங்க. விரத மக்கியாட்டோ ஒண்ணுன்னீங்க. வாய் சரின்னுச்சு. கை பழைய ஜாடிக்குப் போயிடுச்சு.

– வெள்ளை ஜாடின்னா…

– மாட்டுப்பால். காலையில கறந்தது. குடுத்ததுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுச்சு. அதுக்குள்ள நீங்க கண்ணை மூடிட்டீங்க. உங்க கை வேற கிடுகிடுன்னு நடுங்குச்சு. பக்தியில நடுங்குற மனுஷன்கிட்ட போய் இதை எப்படிச் சொல்லுவேன்? வெள்ளிக்கிழமை ஒழுங்கா சூரியகாந்திப் பால் எடுத்து, போட்டுக் குடுத்தேன். நீங்க ஒரு வாய் குடிச்சுட்டு என்ன சொன்னீங்க?

– என்ன சொன்னேன்?

– புதன்கிழமைக் கை இன்னிக்கு இல்லையே லெம்லெம்னு கோப்பையை நகத்தி வெச்சுட்டுப் போயிட்டீங்க. கடை திறந்து மூணே மாசம் ஆன பொம்பளை நான். ஒரு வாடிக்கையை எப்படி விடுவேன்? உங்களுக்கு மட்டும் வெள்ளை ஜாடின்னு ஆயிடுச்சு. மத்தவங்க யாருக்கும் ஒரு சொட்டு குடுக்கலை. ஆறு வாரம். இன்னிக்கு இந்த அரைக் கோப்பையோட சேத்து பதினோரு பாவம். எண்ணிக்கிட்டே இருக்கேன்.

– மாட்டுப்பாலா! ஆண்டவரே! என் விரதம்! என் ஆத்மா!

– மன்னிச்சுடுங்க அண்ணே. காலைப் பிடிச்சுக்கிறேன். பட்டியல்ல பேர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்…

– விடு, விடு. தெரியாமக் குடிச்சவனுக்குப் பாவம் இல்லை. போகட்டும். அந்தக் கோப்பையை இப்படிக் குடு.

– …எதுக்கு?

– எதுக்குன்னா, வீணாப் போகுதே. பாவப்பட்ட பால்.

– கொஞ்சம் இருங்க அண்ணே.

– என்ன?

– வாய் ஆண்டவரேங்குது, கை கோப்பைக்கு வருது. ரெண்டும் வேற வேற ஆளோடதா?

– அட, ஒரு பேச்சுக்கு…

– இருபத்தொண்ணு நின்னா காதை அறுத்துக்கிறேன்னீங்க. என் கடையில எத்தனை நின்னுச்சு?

– நான் எண்ணலையே.

– மெசாய் கடையில குனிஞ்சு நின்னு எண்ணினவர், இங்க ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு எண்ணலையா? போன புதன்கிழமை ஸ்பூன் கேட்டு வாங்கி, கோப்பை ஓரத்துல அப்பியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டீங்களே! கோப்பையைக் கழுவி வெச்ச மாதிரி திருப்பிக் குடுத்தீங்களே! விதைப் பால் எங்கயாவது ஓரத்துல அப்புமா அண்ணே? நீங்கதானே இப்ப பாடம் எடுத்தீங்க?

– மெதுவாப் பேசு தங்கச்சி. கோயிலுக்குப் போற பொம்பளைங்க எல்லாம் இந்த வழியாத்தான் போறாங்க.

– எந்தக் காது? வலதா, இடதா?

– லெம்லெம்…

– எப்பத்திலேர்ந்து தெரியும்?

– மொதல் வாய்லேர்ந்து.

– அடப்பாவி மனுஷா! ஆறு வாரமா நான் தினம் மரியம் படத்துக்கு முன்னாடி அழுதுக்கிட்டிருக்கேன்!

– எனக்கு அது தெரியாதே. நீ பாட்டுக்கு சிரிச்ச முகமாக் குடுத்த, நான் பாட்டுக்குக் குடிச்சேன்.

– சரி, அப்புறம் என் பேரை ஏன் எடுத்தீங்க? இத்தனை குடிச்சுட்டு?

– யோசிச்சுப் பாரு. உன் பேரைப் போட்டா எண்ணூறு குடும்பமும் வெள்ளிக்கிழமை இங்க வந்து, காசாஹுன் குடிக்கிற விரத மக்கியாட்டோ குடுன்னு நிக்கும். நீ சூரியகாந்தி குடுத்தா, இதுக்கா இவன் ஆறு வாரம் போனான்னு கேப்பாங்க. ஷெவாயெ ஒருத்தி வந்து உக்காந்தாப் போதும். அவளே வீட்டுல விதைப் பால் எடுக்கிறவ. நீ என் கோப்பைக்கு எந்த ஜாடியைத் தூக்குறேன்னு பாத்தான்னா, அன்னியோட என் கதை முடிஞ்சுது.

– என் கடை மூடினாலும் பரவாயில்லை, உங்க நுரை நிக்கணும். அதானே?

– அப்படிக் கரடுமுரடாச் சொல்லாத.

– ஃபோனை எடுங்க. எழுதுங்க. ஒண்ணாவது, விரதம் இல்லாத நாளுக்கு, லெம்லெம் கன்டெய்னர் கடை. ரெண்டாவது, விரத நாளுக்கு, மெசாய். அவன் நியாயமா ஜெயிச்சவன், அவன் வயித்துல அடிக்க எனக்கு மனசு இல்லை.

– மொதல் இடம் மெசாய்க்குன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேனே…

– ஷெவாயெ அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு. மகளிர் சங்கத்துக்கு சோளப்பொரி குடுத்தப்ப வாங்கினது.

– எழுதிட்டேன்.

– படிங்க.

– ஒண்ணு. விரதம் இல்லாத நாளுக்கு, லெம்லெம் கன்டெய்னர் கடை, நாப்பத்தி மூணாம் பிளாக் எதிர்ல.

– கையால வறுத்த யிர்காச்செஃபேன்னு போடுங்க. எலுமிச்சம்பூவையும் போடுங்க, வாயாலதானே சொன்னீங்க. குழாய் ஆவியை ரெண்டு தடவை விடுவாள்னும் போடுங்க.

– அது யாருக்குப் புரியும்?

– புரியாததுதான் பெருமையா இருக்கும். போடுங்க.

– போட்டேன். அனுப்பிட்டேன். இந்தா பாரு, அதுக்குள்ள மூணு பேர் ஹார்ட் போட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில வரோம்னு ஒரு வீட்டுக்காரங்க எழுதியிருக்காங்க. இப்பவாவது அந்தக் கோப்பையைக் குடுப்பியா?

– இந்தாங்க. இதுதான் கடைசி. அடுத்த புதன்லேர்ந்து உங்களுக்கும் சிவப்புக் கயிறு ஜாடிதான். எட்டு எண்ணுறதுக்குள்ள குடிச்சுடுங்க.

– ம்… ஆறிப் போனாலும் நிக்குது பாரேன், நுரை.

– ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை அண்ணே. பால்னு உங்களுக்குத் தெரிஞ்சது மொதல் வாய் குடிச்சதுக்கு அப்புறம்தானே? ஆனா அன்னிக்குக் கோப்பையை வாங்கும்போதே உங்க கை நடுங்கிக்கிட்டிருந்துச்சு. பக்தி இல்லைன்னா, அது என்ன நடுக்கம்?

– அம்பது நாள் முடிஞ்ச மொதல் புதன்கிழமை, இந்தப் பேட்டையில யாராவது ஒருத்தர் கையாவது பழைய ஜாடிக்குப் போகாமலா இருக்கும்னுதான் தாயி விடிஞ்சதும் கிளம்பினேன். ஆறு கடை ஏறி இறங்கினேன், ஆறு பேருமே மறக்கலை. உன்னுது அன்னிக்கு எனக்கு ஏழாவது காப்பி.