மாஸ்டருக்கு ஒரு சலாது

அந்த மூடியத் தொறக்காதீங்க மாஸ்டர், அதுக்குள்ள சோறு இல்ல. வெறும் பானை. கதிரைய இப்பிடி ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டு உக்காருங்க, எண்ணெய் தெறிக்கும்.

வெள்ளிக்கிழமையா? இல்ல, வியாழன். தபசு காலமும் முடிஞ்சிருச்சு. பன்றி எறச்சி சாப்பிடக் கூடாதுனு திருச்சபை சொல்ற எந்த நாளும் இன்னைக்கி இல்ல. காலமெல்லாம் சமயபாடம் படிப்பிச்ச டொரதி டீச்சர்கிட்டயே வந்து சாக்குச் சொல்றீங்க பாருங்க.

திங்கக்கிழமை கிளினிக், மறந்துறாதீங்க. போன தடவ சீனி ஏறியிருக்குனு டொக்டர் சொன்னப்ப ஒங்க மகன் ரொனி பக்கத்துலதானே நின்னான். இன்னொருக்கா இப்பிடி வந்தா குண்டசாலை வீட்டப் பூட்டிட்டு அப்பாவ வத்தளைக்கே கூட்டிப் போறேன்னுட்டான். வத்தளையில ஒங்களுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போயிருவாங்க. மிச்சம் இருக்கிறது மருமக வளக்குற மீன்தொட்டி. நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்த கதைய எல்லாம் அந்த மீனுக்குத்தான் சொல்லணும். போக விருப்பமா? இல்லதானே. அப்ப உக்காருங்க.

ஆமா, சோத்த விட்டுட்டீங்க, ஒத்துக்கிறேன். லேன் முழுக்கச் சொல்லிட்டுத்தானே விட்டீங்க. விட்டுட்டு என்ன செஞ்சீங்க? காலையில இடியப்பம், பகலைக்கிப் புட்டு. கேட்டா ஒரு பருக்க சோறு தொடலேங்கிறீங்க. அரிசிய இடிச்சு, வறுத்து, அச்சுல புழிஞ்சு அவிச்சுட்டா, தான் அரிசிங்கிறது அதுக்கு மறந்துருமா? சரி, அதாவது போகட்டும். முதலாந்தேதி முன்வீட்டு குசுமா நோனா பாற்சோறு அனுப்பினாங்க. அதையும் உள்ள தள்ளிட்டு என்ன சொன்னீங்க? டயமண்ட் மாதிரி வெட்டியிருந்தா அது கேக் கணக்குல வரும்னீங்க. கேக்கும் சாப்பிடக் கூடாது மாஸ்டர்.

இது எங்கக்கா மக கனடாவுல இருந்து அனுப்பின வீடியோ. ஒரு வெள்ளக்காரப் பொம்பள அஞ்சு நிமிஷத்துல சாலட்ங்கிறா, அதான் நம்ம சலாது. சொல்லிக்கிட்டே செஞ்சும் முடிச்சிட்டா. அவளுக்கென்ன. எலய மண்ணு போகக் கழுவினதக் காட்டல, பேக்கன்ங்கிற இந்த உப்புப் போட்ட பன்றி எறச்சியத் தேடிக் கண்டி டவுன்ல கட கடயா ஏறி எறங்கினதக் காட்டல, பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்ததையும் காட்டல. சீனி இல்லாத சமையல்னு மேல பெருசா எழுதிட்டு, நடுவுல ஒரு கரண்டி சீனியும் போடுறா. நான் போடல.

பாருங்க, சட்டி சூடாக முந்தியே பேக்கன அடுக்கிறணும். எண்ணெய் ஒரு சொட்டும் வேணாம், அதோட கொழுப்பே உருகி வரும். அவசரப்பட்டு அடுப்பக் கூட்டினா ஓரம் கருகும், நடு ரப்பர் மாதிரி இழுக்கும். மணக்குதா? ம், கேட்டுக்கு வெளிய நாயும் வந்திருச்சு. ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பாக்குறீங்க.

இல்ல, இது சம்பல் இல்ல. தேங்காப்பூப் போட்டுப் பிசைஞ்சா சம்பல். அதையே அடுப்புல வச்சுக் கெளறினா மல்லுங். இது சலாது. சோத்துக்குப் பக்கத்துல வைக்கிறது இல்ல, இதேதான் சாப்பாடு. கறி எங்கனு தேடாதீங்க, வராது. அவிச்ச முட்ட மட்டும் ரெண்டு இருக்கு.

இப்பக் கொஞ்சம் தள்ளி இருங்க. பேக்கன வெளிய எடுத்தாச்சு. இந்தக் கொழுப்புலயே வெங்காயம், அரைச்ச கடுகு, மொளகு. இப்ப வினாகிரி. சீறுது பாத்தீங்களா? இத அப்பிடியே சூட்டோட சலாது எல மேல ஊத்தணும். ஊத்தினதும் எல லேசா தல சாயும், ஆனா அவிஞ்சு போகக் கூடாது. அதுதான் பதம். பேக்கன நொறுக்கி மேல தூவினா முடிஞ்சுது. கையோட சாப்பிட்டுறணும், கண்டிக் குளிருக்குச் சொணங்கினா கொழுப்பு மெழுகுதிரி மாதிரி ஒறைஞ்சிரும்.

இந்தாங்க. கையாலயே சாப்பிடுங்க, யாரு பாக்கப் போறா.

எப்பிடி இருக்கு? ஓ. நல்லாத்தான் இருக்கா? நல்லாத்தான்னா என்ன, இருக்கா இல்லையா? சரி சரி, சாப்பிடுங்க. தொட்டுக்கப் பாண், ரொட்டி ஒண்ணும் கெடைக்காது.

ரொனி காலையில எனக்குக் கோல் எடுத்தான். திங்கக்கிழமை ரிப்போட் நல்லா வந்தாலும் ஒங்களக் கூட்டிப் போகத்தான் யோசிக்கிறானாம். டீச்சர், நீங்க பக்கத்து வீட்டுக்காரங்க, ஒவ்வொரு நாளும் ஒங்களுக்கு இந்தக் கரச்சலக் குடுக்க ஏலுமானு கேட்டான். மரியாதையான புள்ள, கேட்டதும் நியாயம். அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டேன். அத யோசிச்சுக்கிட்டே டவுனுக்குப் போனேன், வர்ற வழியில கோயில்ல எறங்கி ஃபாதரப் பாத்தேன். ஓலை வாசிக்கிறதுக்கு என்ன செய்யணும்னு கேட்டேன். அதான் மாஸ்டர், ஞாயித்துக்கிழமை பூசையில பேர வாசிச்சு, இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் முடிக்கிறதுக்கு யாராச்சும் தடை சொல்ல இருக்கானு கேப்பாங்களே, அந்த ஓலை.

மெதுவா. தண்ணி குடிங்க. பேக்கன மென்னு முழுங்கணும்.

பக்கத்து வீட்டுக்காரினா ரொனி யாரையும் கேக்காம ஒங்கள வேன்ல ஏத்திறலாம். பொண்டாட்டினா என்னக் கேட்டுத்தானே ஏத்தணும். ஃபாதரும் இப்பிடித்தான் முழிச்சாரு. நம்ம கபிரியேல் அண்ணனானு ரெண்டு தரம் கேட்டாரு. இந்த லேன்ல பெருசு சிறுசு எல்லாம் ஒங்கள அண்ணன்னுதான் கூப்பிடுது. நான் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கேனா? யோசிச்சுப் பாருங்க. வாய் தவறிக்கூட வந்திருக்காது, அவ்வளவு கவனமா இருந்திருக்கேன்.

ரெண்டு பேரும் நேர்ல வந்தாத்தான் பேர எழுதுவாராம். இன்னைக்கிப் பின்னேரமே வரச் சொன்னாரு. ஒங்களுக்கு ஏலாதுனா இப்பவே சொல்லிருங்க, நான் ஒண்ணும் கோவிக்க மாட்டேன். இந்தச் சட்டியக் கழுவி வச்சிட்டு எம்பாட்டுக்கு இருப்பேன்.

என்ன, பீங்கான நீட்டுறீங்க? இன்னும் வேணுமா? கொஞ்சம் பொறுங்க. போட்டுத் தந்துட்டு நான் கோயிலுக்குக் கட்டிட்டுப் போற சாரிய அயன் பண்ணணும்.