ஒன்ஸ் மோர்

விலாங்கு மீனுக்குப் பேர்போன ஹமாமட்சுவில் பிறந்துவிட்டு அதைச் சாப்பிடப் பிடிக்காது என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்குப் பிடிக்காது. மற்றபடி நான் சாதாரணமானவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பேண்டுக் குழுவில் சைடு டிரம்.

எங்கள் குழுவுக்குச் செல்லமான இசை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் குதிரை வண்டிக் காலத்தில் எழுதியது. ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கானது. வயலின்களுக்கு எழுதியதை யாரோ பேண்டுக்கு மாற்றியிருந்தார்கள். வயலின்காரர் வில்லை இழுத்துவிட்டுப் போகிற இடத்தில் எங்கள் கிளாரினெட்காரிகளுக்குப் பத்து விரலும் பறக்க வேண்டும். அதனால் கோல் பிடித்துக் குழுவை நடத்தும் குஸுஹாரா மாஸ்டர் அதை நிதானமாகவே கொண்டுபோவார்.

ஒரு ஒத்திகையில் என் கை வேகமெடுத்துவிட்டது. மாஸ்டர் தடுக்கவில்லை. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். கிளாரினெட்கள் கீச்சிட்டன. டூபா வாசிக்கும் இகராஷி சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியத்துக்குள்ளேயே துப்பினார். முடிந்ததும் மாஸ்டர், "ஏம்மா சிஸுரு, வீடு கீடு பத்திக்கிச்சா?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சைக்கிளில் வீடு திரும்பும்போது என் உடம்புக்கு எடையே இல்லை. அது மறுபடி வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் மாஸ்டருக்கு நெஞ்சு வலி வந்தது. அவர் மனைவி சவாகோ அக்கா, குழுவில் புல்லாங்குழல் வாசிப்பவள், என்னைத் தேடிக் கடைக்கே வந்தாள்.

"வீட்டுல இருங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. கோலை ஆட்டுறதுதான் அவரு, வேகம் உன் கையில. மெதுவா கொண்டுபோடி."

"நான் பாத்துக்கிறேன், அக்கா."

வசந்தகாலக் கச்சேரியில் அப்படியே செய்தேன். கடைசி உருப்படியாக அதை வாசித்தோம். சொன்னபடி அடக்கமாக அடித்தேன். மாஸ்டருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ஜனங்கள் ஒரே தாளத்தில் கைதட்டி ஒன்ஸ் மோர் கேட்டார்கள். மாஸ்டர் குனிந்து வணங்கி, முடியாது என்று கையசைத்துவிட்டு, மேடையோரம் நடந்தார். சவாகோ அக்கா புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் டிரம்மில் குச்சிகளை உருட்டி முழக்கினேன்.

அரங்கம் ஓவென்று கத்தியது. மாஸ்டர் திரும்பினார். 'அடிப்பாவி' என்று உதட்டை அசைத்துச் சிரித்தபடி திரும்ப வந்து தன் பீடத்தில் ஏறினார். அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் உருட்டினேன். அவர்தான் எனக்குக் கண்ணைக் காட்டியதாக எல்லோரும் நினைத்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.

அந்த ஒத்திகையின் வேகத்தில் தொடங்கி, அதையும் தாண்டினேன். அரங்கமே ராட்டினமாகச் சுற்றியது. இகராஷி நாற்காலியோடு குதித்தார். முன்வரிசையில் ஒருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். இவ்வளவு சந்தோஷமாக மனிதர்களை நான் பார்த்ததில்லை. மாஸ்டரின் முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, என்னைப் பார்த்துத் தாழ்த்தினார். மறுபடியும் தாழ்த்தினார். என் கண்பார்வை நல்ல பார்வை. பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தேன்.

அவர் சரிந்ததும் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் முடிவுவரை அடித்தேன். பாதியில் விட்டால் அவருக்கு மரியாதை இல்லை.

இறுதிச் சடங்கு முடிந்து சவாகோ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நோட்டுலயே கண்ணா இருந்துட்டேன். நீதான் அவருக்கு நேரா நின்னே. கடைசியில கையால என்னமோ சொன்னாராமே, என்னடி அது?"

"இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னாரு, அக்கா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரில் அந்த மனுஷனைச் சரியாகப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான்.